பங்குதாரர் பேசினார், பாலிசிதாரர்?

2021 செப்டம்பர் 3 அன்று எச்.டி.எஃப்.சி. லைஃப் நிறுவனம், எக்ஸைடு லைஃப் நிறுவனத்தை 6,687 கோடி ரூபாய்க்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அதில் 725 கோடி ரொக்கம். மீதிக்கு ஈடாக, பங்கு ஒன்று 685 ரூபாய் என்ற கணக்கில் எட்டு கோடியே எழுபது லட்சம் புதிய பங்குகள். அறிவிப்பு வெளிவந்த அன்றே பங்குதாரர்கள் பேசிவிட்டார்கள். வாங்கிய நிறுவனத்தின் பங்கு விலை இறங்கியது. விற்ற எக்ஸைடு இண்டஸ்ட்ரீஸின் பங்கு வணிகத்தின் இடையே ஏறியது. கொடுத்த விலை அதிகமா, புதிய பங்குகளால் பழைய பங்குகளின் மதிப்பு நீர்த்துப்போகுமா, பேட்டரி செய்கிற கம்பெனி ஆயுள் காப்பீட்டிலிருந்து ஒருவழியாக விடுபட்டதா என்றெல்லாம் பொருளாதார நாளிதழ்கள் பத்தி பத்தியாக எழுதின. அவ்வளவு பத்திகளில் பாலிசிதாரர் என்ற சொல்லைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

இலக்கியம் பேசும் இடத்தில் பங்குச்சந்தைக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஒருவர் இறந்தபின் நிறைவேற்றப்படவேண்டிய வாக்கு, அவரைக் கேளாமலே கைமாறுவது எப்படி என்பதுதான் இங்கே நாம் எழுப்பும் கேள்வி. இது இலக்கியத்துக்கு வெளியே இருக்கும் கேள்வி என்று நாம் கருதவில்லை.

முதலில், அந்த 6,687 கோடிக்கு வாங்கப்பட்டது எது? ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விலை சொல்பவர்கள் ‘எம்பெடட் வேல்யூ’ என்றொரு கணக்கை வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் சொந்த நிகர மதிப்போடு, ஏற்கெனவே விற்றுவிட்ட பாலிசிகளிலிருந்து வருங்காலத்தில் வரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பையும் கூட்டினால் கிடைப்பது அது. எக்ஸைடு லைஃபுக்கு 2021 ஜூன் இறுதியில் அது 2,711 கோடி. கொடுக்கப்பட்ட விலை ஏறத்தாழ அதன் இரண்டரை மடங்கு. கட்டடமோ கணினியோ இந்த விலைக்கு ஆதாரமல்ல. பாலிசி எடுத்தவர் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் தவறாமல் பிரீமியம் கட்டுவார் என்ற எதிர்பார்ப்பும், அவரைப் போன்றவர்கள் இனியும் வந்து சேர்வார்கள் என்ற நம்பிக்கையுமே இங்கே சரக்கு. பாலிசி எடுத்தவர்களில் எத்தனை பேர் 13ஆம் மாதத்திலும் 61ஆம் மாதத்திலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற விகிதத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் வெளியிடுவதும், முதலீட்டாளர்கள் அதைக் கூர்ந்து பார்ப்பதும் இதனால்தான்.

வாங்கியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நம் ஊர்ப்பக்கம் சம்பந்தப்பட்டது. எக்ஸைடு லைஃபுக்குத் தென்னிந்தியாவில், குறிப்பாக இரண்டாம் மூன்றாம் நிலை ஊர்களில், வலுவான கால் இருக்கிறது என்றார்கள். அதாவது நாகப்பட்டினம் போன்ற ஊர்கள். அக்கரைப்பேட்டையில் படகு வைத்திருப்பவர், வேதாரண்யத்து உப்பளத்தில் பாத்தி கட்டுபவர், கீழ்வேளூர்ப் பக்கம் சம்பா போடுபவர், நாகூரில் கடை வைத்திருப்பவர். இவர்களைப் போன்றவர்களின் ஒழுங்கான தவணைக்குத்தான் மும்பையில் விலை பேசப்பட்டது. சென்னையும் பெங்களூரும் எல்லாக் கம்பெனிகளும் சலித்து எடுத்துவிட்ட களம். புதிதாக அறுக்க எஞ்சியிருப்பது சிற்றூர்களின் சேமிப்பு.

பங்குதாரர்கள்மீது நமக்குக் கோபமில்லை. தம் பணத்தைக் குறித்து அவர்கள் கேள்வி கேட்டார்கள், கேட்கவும் வேண்டும். 2016இல் இதே எச்.டி.எஃப்.சி. லைஃப், மேக்ஸ் லைஃபோடு இணைவதாக இருந்தபோது, மேக்ஸ் நிறுவனர் தரப்பு மீண்டும் இத்தொழிலில் போட்டிக்கு வராமலிருப்பதற்காக 850 கோடி ரூபாய் தருவதாகத் திட்டம் இருந்தது. சிறு பங்குதாரர்களுக்கு இல்லாத பணம் நிறுவனருக்கு மட்டும் ஏன் என்று அவர்கள் சார்பில் அப்போதே கேட்கப்பட்டது. நியாயமான கேள்வி. அந்த இணைப்பு 2017 ஜூலையில் கைவிடப்பட்டதற்குக் காரணம் வேறு. காப்பீட்டுத் தொழிலைக் காப்பீடு செய்யாத ஒரு நிறுவனத்தின் வழியாகக் கைமாற்றும் ஏற்பாட்டை ஒழுங்குமுறை ஆணையம் ஏற்கவில்லை. ஆயினும் பங்குதாரருக்குக் கூட்டமும் வாக்கும் உண்டு, அவருக்காகக் கணக்கைப் பிரித்து மேயும் ஆலோசனை நிறுவனங்களும் உண்டு என்பது அன்று தெளிவாயிற்று. எக்ஸைடு விஷயத்திலும், புதிய பங்குகளை வெளியிடப் பங்குதாரர்களின் ஒப்புதல் பெறப்பட்டது.

பாலிசிதாரரின் கதையைப் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் ஐ.என்.ஜி. வைஸ்யா லைஃபில் அவர் ஒரு நீண்டகாலப் பாலிசி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 2008 நெருக்கடியில் ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.என்.ஜி., நெதர்லாந்து அரசிடம் 1,000 கோடி யூரோ உதவி பெற்றது. அந்த உதவிக்கு ஈடாகக் காப்பீட்டுத் தொழிலை விட்டுவிடவேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை வைத்தது. 2013இல் ஐ.என்.ஜி. வெளியேறியது. அதன் பங்கையும் மற்ற கூட்டாளிகளின் பங்கையும் சேர்த்து, நிறுவனத்தின் பாதியை எக்ஸைடு 550 கோடிக்கு வாங்கியது. 2014இல் பெயர் எக்ஸைடு லைஃப் என்றாயிற்று. 2022 ஜனவரி 1 அன்று நிறுவனம் கைமாறி, அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று எச்.டி.எஃப்.சி. லைஃபில் கரைந்தது. இருபது ஆண்டுகளில் மூன்று பெயர்கள். பிரஸ்ஸல்ஸில் போட்ட ஒரு நிபந்தனை, காவிரிக் கடைமடையில் ஒருவர் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கும் பத்திரத்தின் தலைப்பை மாற்றுகிறது. எந்தத் திருப்பத்திலும் அவருக்கு வாக்கு இருக்கவில்லை.

நாகப்பட்டினத்துக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து இவ்வூரைப் பிடித்தது டச்சு நாடு என்று பாடநூல்கள் எழுதினாலும், உண்மையில் பிடித்தது ஒரு கம்பெனி. 1602இல் தொடங்கப்பட்டு, ஆம்ஸ்டர்டாமில் பங்குகள் கைமாறிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1690இல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலக் கரையின் தலைமையிடம் இங்கே மாற்றப்பட்டது. 1781இல் இன்னொரு கம்பெனியாகிய ஆங்கிலேயக் கம்பெனி இதைக் கைப்பற்றியது. இவ்வூர்த் துறையின் வரவும் செலவும் நூறாண்டுக்கு மேலாக ஆம்ஸ்டர்டாம்காரரின் பங்கு லாபத்தில் ஒரு வரியாக இருந்தது. நெசவாளியின் தறிக்கும் அந்தப் பங்குதாரருக்கும் இடையே கடல் இருந்தது. இன்று அந்தக் கடல் இல்லை. ஆனால் லாபக் கணக்கில் ஒருவர் வரியாகவும் மற்றவர் வாசகராகவும் இருக்கும் உறவு அப்படியே இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ‘இணைப்பினால் பாலிசியின் நிபந்தனைகள் மாறுவதில்லை. காப்பீட்டுத் தொகை அதே, தவணை அதே. வாங்குபவர் பெரிய நிறுவனம், எனவே பாதுகாப்பு கூடுகிறது. அப்புறம் எதற்குக் கேட்கவேண்டும்?’ பத்திரத்தில் எழுதிய தொகையைப் பொறுத்தவரை இது சரி. போனஸ் அப்படியல்ல. லாபத்தில் பங்குள்ள பாலிசிகளில் ஆண்டுதோறும் எவ்வளவு போனஸ் என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. புதிய நிர்வாகத்தின் முதலீட்டுப் போக்கும் செலவுக் கணக்கும் அதை நேரடியாகத் தொடும். அந்த நிதியில் விளையும் உபரியில் பத்தில் ஒன்பது பங்காவது பாலிசிதாரருக்குச் சேரவேண்டும், பங்குதாரருக்கு அதிகபட்சம் பத்தில் ஒன்று என்பது விதி. ஒன்பது பங்குக்காரர் வாய் பொத்தி நிற்க, ஒரு பங்குக்காரர் கூட்டம் போட்டு வாக்களிப்பது எந்த ஊர் நியாயம்?

வெளியேறும் வழியையும் ஒப்பிடவேண்டும். பங்குதாரருக்கு விலை பிடிக்கவில்லையென்றால் அன்று காலையே விற்றுவிட்டுப் போகலாம், பலர் போனார்கள். பாலிசிதாரர் தொடக்க ஆண்டுகளில் சரண்டர் செய்தால் கட்டியதில் பெரும்பகுதியை இழக்கவேண்டும். 2024 அக்டோபரிலிருந்து புதிய பாலிசிகளுக்கு இந்த விதி தளர்ந்திருக்கிறது. ஆனாலும் இழப்பு இல்லாமற்போகவில்லை. வயது ஏறிய ஒருவர் இன்னொரு நிறுவனத்தில் அதே தவணைக்குப் புதுப் பாலிசி எடுக்கவும் இயலாது. போகமுடிந்தவரைக் கேட்கிறோம், போகமுடியாதவரைக் கேட்பதில்லை.

சட்டம் முற்றிலும் மௌனமாக இருந்தது என்று சொல்லமுடியாது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இணைவதைக் குறித்து 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் பேசியது. இணைப்புத் திட்டத்தின் ஆவணங்களைக் கிளைகளில் பாலிசிதாரர் பார்வைக்கு வைக்கவேண்டும், அவர்களுடைய ஆட்சேபங்களையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்றது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அறிவிப்பு அனுப்புவது, சிறப்புக் காரணம் கருதி ஆணையம் கட்டளையிட்டால் மட்டுமே. கிளைக்குப் போய், மேலாளரிடம் ஆங்கிலத் திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்து, ஆட்சேபம் எழுதக்கூடிய உப்பளத் தொழிலாளி எங்கே இருக்கிறார்? யாரும் நுழையமாட்டார்கள் என்று தெரிந்தே வைத்த கதவு அது.

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே காப்பீட்டுத் தொழிலை மாற்றித் தருவதற்குச் சுயேச்சையான நிபுணர் ஒருவரின் அறிக்கையும் உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். புரூடென்ஷியல் நிறுவனம் ஏறத்தாழ 3,70,000 ஓய்வூதியப் பாலிசிகளை ராத்சே என்ற இளைய நிறுவனத்துக்கு மாற்றக் கேட்டபோது, சுமார் ஆயிரம் பேர் ஆட்சேபித்தார்கள். ‘பழமையும் பெயரும் பார்த்துத்தான் இவர்களிடம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தோம்’ என்பது அவர்களது வாதத்தின் சாரம். 2019இல் நீதிபதி மாற்றத்தை மறுத்தார். மேல்முறையீட்டில் 2020இல் அந்தத் தீர்ப்பு தள்ளப்பட்டு, 2021இல் மாற்றத்துக்கு அனுமதி கிடைத்தது உண்மை. இறுதியில் தோற்றாலும் அந்த முதியவர்கள் சொன்னது நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது, எடைபோடப்பட்டது. தோற்கும் உரிமைகூட நம் பாலிசிதாரருக்கு வாய்க்கவில்லை.

இன்னொரு தரப்பு, ‘பாலிசிதாரரையே பங்குதாரராக்கிவிட்டால் போயிற்று’ என்கிறது. 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியீட்டில் அதைத்தான் செய்தார்கள். பாலிசி வைத்திருப்போருக்குத் தனி ஒதுக்கீடும், பங்குக்கு 60 ரூபாய் தள்ளுபடியும் தந்தார்கள். 949 ரூபாய் என்று நிர்ணயித்த பங்கு முதல் நாளே அதற்குக் கீழே பட்டியலிடப்பட்டது. 1956இல் 245 காப்பீட்டு அமைப்புகளைச் சேர்த்து உருவாக்கிய நிறுவனத்தில், பாலிசிதாரர் தம் குரலைப் பெற முதலில் டீமாட் கணக்குத் திறக்கவேண்டும் என்பது விசித்திரமான ஜனநாயகம். பாலிசிதாரர் என்ற தகுதியிலேயே அவருக்குக் குரல் வேண்டும்.

கொடுத்த வாக்கு ஆட்சி மாறினாலும் எப்படி நிற்கவேண்டும் என்பதற்கு நாகப்பட்டினமே சான்று வைத்திருக்கிறது. இங்கே கடாரத்து அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். அவனுக்குப்பின் வந்த ராஜேந்திரன், தந்தை கொடுத்ததைச் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைப்படுத்தினான். பின்னர் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்துத் தூதர்கள் நேரில் வந்து கேட்க, விகாரத்தின் உரிமைகள் மறுபடியும் செப்பேட்டில் ஏறின. நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை இவைதாம். மன்னராட்சியை நாம் புகழவரவில்லை. ஆட்சி மாறியபோது, வாக்குப் பெற்றவரின் தரப்பு வந்து கேட்கவும், பதிலை எழுத்தில் பெறவும் அன்று ஒரு முறை இருந்தது என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் காப்பீட்டில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இனி வாங்குவதும் விற்பதும் பெருகும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. ஆகவே நாம் கேட்பவை மூன்று. இணைப்புக்கு அனுமதி தருமுன் ஒவ்வொரு பாலிசிதாரருக்கும் அவர் மொழியில் ஒரு கடிதம் போகவேண்டும். எது மாறும், எது மாறாது என்று அதில் இருக்கவேண்டும். போனஸ் நிதிக்கு என்ன நேரும் என்பதைச் சுயேச்சையான கணக்கியல் நிபுணர் ஒருவர் எழுதி, அது தமிழிலும் வெளிவரவேண்டும். லாபத்தில் பங்குள்ள பாலிசி வைத்திருப்போருக்கு வாக்கு வேண்டும். செலவாகும், தாமதமாகும் என்பார்கள். ஒரே காலையில் 6,687 கோடிக்கு விலை சொல்ல முடிந்தவர்களால் ஓர் அஞ்சல் உறைக்குச் செலவழிக்க முடியாது என்பதை நாம் நம்பத் தயாராக இல்லை.