40 ஆயிரம் ரூபாய்க்கு லேப்டாப்: சங்கரன்கோவிலில் இருந்து வாங்குபவர் எதைப் பார்க்கணும்?

'40 ஆயிரத்துக்குள்ள வெயிட் இல்லாம ஒரு நல்ல லேப்டாப் சொல்லுங்க.' கல்லூரி திறக்கும் ஜூன் மாசத்திலும், தீபாவளி ஆஃபர் நேரத்திலும் டெக் பக்கம் எழுதுற எல்லாருக்கும் வரும் கேள்வி இது. யூடியூபில் இதற்கு ஆயிரம் பதில் இருக்கு. ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து எடுத்தவை. லேப்டாப் கெட்டுப்போனால் மெட்ரோவில் ஏறி அரை மணி நேரத்தில் சர்வீஸ் சென்டர் போய்விடலாம் என்பது அவர்கள் கணக்கு.

சங்கரன்கோவிலில் கணக்கே வேற. இங்கே பி.காம் படிக்கும் பொண்ணு, விசைத்தறிக் கூடத்துக்குக் கணக்கு எழுதும் பையன், வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தும் மாசத்துக்கு ஒரு தடவை பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கும் போய் வேலை பார்க்கும் ஐ.டி ஊழியர் என வாங்குபவர்கள் பல ரகம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று, மெஷினில் பிரச்னை வந்தால் பஸ் ஏறணும் என்பது. பல பிராண்டுகளுக்கு நெல்லை. சில சமயம் மதுரை.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். சங்கரன்கோவில் மாதிரி ஊரில் லேப்டாப் வாங்குபவர் பிராசஸருக்கு முன்னால் பார்க்க வேண்டியது வாரன்ட்டியைத்தான்.

ஆன்-சைட்டா, கேரி-இன்னா?

லேப்டாப் வாரன்ட்டியில் ரெண்டு வகை உண்டு. ஒன்று 'கேரி-இன்'. அதாவது நீங்கதான் மெஷினைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகணும். இன்னொன்று 'ஆன்-சைட்'. டெக்னீஷியன் உங்க வீட்டுக்கு வருவார். விளம்பரத்தில் ரெண்டுக்குமே 'ஒரு வருட வாரன்ட்டி' என்றுதான் போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில்தான் வித்தியாசம் இருக்கும்.

என் சித்தி பொண்ணுக்கு நடந்தது இது. வாங்கி எட்டே மாசத்தில் ஸ்கிரீனைத் தாங்கும் கீல் விட்டுப்போச்சு. வாரன்ட்டி இருந்தது, ஆனால் கேரி-இன். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள், 'பார்ட் வரலை' என்று சொன்னதைக் கேட்டுத் திரும்பி வர ஒரு நாள், வாங்கி வர இன்னொரு நாள். மூணு நாள் லீவு, ஆறு பஸ் பயணம். அந்த செமஸ்டர் ப்ராஜெக்ட்டை அவள் தோழியின் லேப்டாப்பில்தான் முடித்தாள். ரிப்பேருக்குச் செலவு பூஜ்யம்தான். மூணு நாள் சம்பளம் போனால் என்ன ஆகும் என்பதை வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆன்-சைட் என்று போட்டிருந்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். எல்லா ஊருக்கும் அந்தச் சேவை கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. பணம் கட்டும் முன் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பருக்கு போன் போட்டு, '627756 பின்கோடுக்கு ஆன்-சைட் உண்டா?' என்று நேராகக் கேளுங்க. 'உண்டு' என்றால் மெயிலில் அனுப்பச் சொல்லுங்க. சுத்துப்பட்டு கிராமம் என்றால் உங்க ஊர் பின்கோடையே சொல்லிக் கேட்கணும். பக்கத்து ஊருக்கு இருப்பது உங்களுக்கும் இருக்கும் என்பது கட்டாயம் இல்லை.

வாரன்ட்டியைக் கூடுதலா ஒன்றிரண்டு வருடத்துக்கு நீட்டிக்கும் பேக்கும் பல கம்பெனிகளிடம் இருக்கு. ஐ5-க்குப் போக நினைத்துக் கூடுதலா ஒதுக்கிய காசை, ஐ3-லேயே நின்று இந்த பேக்குக்குப் போடுவது நம்ம ஊருக்கு நல்ல பேரம் என்பேன். கேமிங் நண்பர்கள் சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.

கரன்ட், சார்ஜர், பஸ்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன கரன்ட் சாயங்காலம் வரும் நாள் நமக்குப் பழக்கம்தான். அன்றைக்கு ஆன்லைன் இன்டர்வியூ இருந்தால் பேட்டரிதான் தெய்வம்.

'10 மணி நேர பேட்டரி' என்று பெட்டியில் போட்டிருப்பதை விட்டுவிடுங்க. ஸ்பெக் லிஸ்டில் 'வாட்-ஹவர்' என்று ஓர் எண் இருக்கும். அதுதான் டேங்க் கொள்ளளவு. பிரவுசர், வேர்டு மாதிரி சாதாரண வேலைக்கு இந்த ரக லேப்டாப் சுமார் 7, 8 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 42 வாட்-ஹவர் பேட்டரி அஞ்சு, ஆறு மணி நேரம் வரும். வீடியோ கால் போட்டால் இன்னும் சீக்கிரம் தீரும். 50-க்கு மேல் இருந்தால் நிம்மதி. பேட்டரி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்பதையும் சேர்த்து யோசிங்க.

சார்ஜர் விஷயத்தில் நான் கறார். யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறாத லேப்டாப்பை நம்ம ஊருக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். உருளைப் பின் சார்ஜர் புகைந்தால் அதே மாடல் ஒரிஜினலைத் தேடி அலையணும். யுஎஸ்பி-சி என்றால் 'பவர் டெலிவரி' வசதியுள்ள 65 வாட் சார்ஜர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஓட்டிக்கலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: போனோடு வரும் எல்லா ஃபாஸ்ட் சார்ஜரும் இதற்குச் சரிப்படாது. சில போன் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி முறை வைத்திருப்பதால், போனுக்கு வேகமாக ஏறும் சார்ஜர் லேப்டாப்புக்கு மெதுவாக ஏறலாம், ஏறாமலும் போகலாம். லேப்டாப்பிலும் போர்ட் யுஎஸ்பி-சி வடிவத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதில் சார்ஜ் ஏறுமா என்று கேட்டுக்கணும். டேட்டாவுக்கு மட்டும் வைத்திருக்கும் மாடலும் இருக்கு.

எடைக்கு வருவோம். தென்காசிக்கோ நெல்லைக்கோ தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு 14 இன்ச், ஒன்றரைக் கிலோவுக்குள். வீட்டு மேசையை விட்டு நகராத லேப்டாப் என்றால் 15.6 இன்ச். டேலியில் என்ட்ரி போடுகிறவர்களுக்கு அதில் பெரும்பாலும் கிடைக்கும் தனி நம்பர் கீபேடு பெரிய உதவி. விலை குறைவு என்று குரோம்புக் பக்கம் போகாதீங்க பி.காம் தோழர்களே, டேலி அதில் நேரடியாக ஓடாது.

அரசே ஓர் அளவுகோல் கொடுத்திருக்கு

தமிழ்நாட்டில் லேப்டாப் என்றாலே அரசுத் திட்டத்தைப் பேசாமல் முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு மெஷின் போய்ச் சேர்ந்தது. நம்மில் பலர் முதன்முதலா மவுஸைத் தொட்டதே அதில்தான். பிறகு அது நின்றுபோனது. 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருடத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, ரூ.2,000 கோடி ஒதுக்கினார்கள். 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார்.

இதில் வாங்குபவருக்கு என்ன பாடம் என்றால், எல்காட் நிறுவனம் இதற்காகக் கேட்ட ஸ்பெக்தான்: 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இலவசமாகக் கொடுக்கும் மெஷினுக்கே இதுதான் குறைந்தபட்சம் என்று அரசு முடிவு செய்திருக்கும்போது, காசு கொடுத்து வாங்கும் நாம் அதற்குக் கீழே போவதில் அர்த்தமே இல்லை. கடையில் '4 ஜிபி ரேம், 64 ஜிபி, வெயிட்டே இல்ல சார்' என்று ஒன்றை எடுத்து நீட்டினால், சிரித்துக்கொண்டே அடுத்ததைக் காட்டச் சொல்லுங்க. அந்த 64 ஜிபி பெரும்பாலும் எஸ்எஸ்டியாக இருக்காது, 'இஎம்எம்சி' என்னும் வேகம் குறைந்த ரகம். விண்டோஸே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு பெரிய அப்டேட் வந்தால் மிச்சமும் திணறும்.

வீட்டில் ஒருவருக்கு அரசு லேப்டாப் வரப்போகிறது என்றால் அவசரப்பட்டுக் கடன் வாங்கி இன்னொன்று வாங்க வேண்டாம். ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரியில் ஃபீஸ் கட்டிப் படிக்கும் தறித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு, படித்து முடித்து ஒரு வருடமாக வேலை தேடுபவருக்கு, இந்தத் திட்டம் கை கொடுக்காது. பழைய திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்கள் இருந்தார்கள், இதில் இல்லை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் 10.7 சதவீதம்தான்; கிராமங்களில் 4.4. அதற்கப்புறம் நிலைமை மாறியிருக்கும். ஆனாலும் சொந்தக் காசில் வாங்கும் முதல் லேப்டாப் என்பது பல வீடுகளில் இன்னும் வண்டி வாங்குவது மாதிரியான முடிவு. அதனால்தான் இவ்வளவு கறார்.

பெரிய நம்பர், பழைய சிப்

பிராசஸர் பெயரில் இருக்கும் எண் பெரிதாக இருந்தால் புதுசு என்று நினைக்கிறோம். கம்பெனிகளுக்கும் அது தெரியும். ஏஎம்டியின் 'ரைசன் 3 7320யூ'வையும் 'ரைசன் 3 7330யூ'வையும் எடுத்துக்கோங்க. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. முன்னதில் அது 2, அதாவது ஜென் 2. பின்னதில் 3, ஜென் 3. அதோடு 7320யூ மெஷின்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், பின்னாடி கூட்டவே முடியாது. 8 ஜிபி வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான்.

இன்டெலில் 12-ஆம் தலைமுறை ஐ3-1215யூ இன்றைக்கும் படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் தாராளம். ஆறு கோர் இருக்கு. செலரான் என்4020 என்று பார்த்தால் தாண்டிப் போயிடுங்க. அது 2019-இல் வந்த ரெண்டு கோர் சிப்.

'விலை குறையட்டும், ஆறு மாசம் கழிச்சு வாங்கலாம்' என்று அப்பாக்கள் சொல்வது வழக்கம். எலக்ட்ரானிக்ஸில் பொதுவாக அது சரிதான். ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தலைகீழாக ஏறுமுகம். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் தேவை எக்கச்சக்கமாகக் கூடியதால், தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கடையில் தனியாக ரேம் வாங்குபவர்களுக்கு நன்கு தெரிந்த 'குருஷியல்' பிராண்டை மூடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இப்போது தேவை இருந்தால் இப்போதே வாங்குங்க, தேவை இல்லாவிட்டால் ஆஃபரைப் பார்த்து வாங்காதீங்க. 16 ஜிபிக்கு பட்ஜெட் எட்டவில்லையா? 8 ஜிபியோடு ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும் மாடலைத் தேடுங்க. ரேம் விலை இறங்கியதும் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கலாம்.

'நோ காஸ்ட்' இஎம்ஐயில் காஸ்ட் எங்கே?

ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 'நோ காஸ்ட்' என்றால் வட்டியை யாரோ, எங்கேயோ கட்டுகிறார்கள். மொத்தப் பணமும் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி இஎம்ஐ போட்டால் காணாமல் போகும் பாருங்க, அங்கேதான் அது ஒளிந்திருக்கும். கார்டு இஎம்ஐ என்றால் வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் தனி. கடையில் 'கேஷா கொடுத்தா என்ன விலை?' என்று கேட்டுவிட்டு அப்புறமா இஎம்ஐ விலையைக் கேளுங்க. ஆடித் தபசுக் கூட்டத்தோடு வரும் ஆடித் தள்ளுபடிக்கும் இதே கேள்விதான்.

பழசு வாங்கலாமா?

வாங்கலாம், விவரம் தெரிந்தால். பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்து மூணு, நாலு வருடத்தில் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரி பிசினஸ் லேப்டாப்கள் உறுதியானவை. கீபோர்டு அருமையாக இருக்கும். புது மலிவு மெஷினைவிட அதே விலைக்கு இவை மேல் என்று பல நேரம் தோன்றும். ஆனால் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீங்க. விண்டோஸ் 11 அதற்குக் கீழே அதிகாரப்பூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பேட்டரி எப்படியும் தேய்ந்திருக்கும், புதுசு மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்க.

புதுசோ பழசோ, கடையிலேயே ஆன் செய்து ஒரு பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்க. கேமராவைத் திறந்து உங்க முகம் இன்டர்வியூவில் தெரியும் அளவுக்கு இருக்கா என்று பாருங்க. முடிந்தால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஸ்கிரீனைப் பாருங்க. 250 நிட்ஸ் ஸ்கிரீன் திண்ணையில் கண்ணாடி மாதிரி உங்களையே காட்டும். மூடியை ஒரு கையால் திறந்து மூடிப் பார்த்தால் கீலின் லட்சணமும் தெரிந்துவிடும். பில்லில் சீரியல் நம்பர் இருக்கணும், அது மெஷினின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போகணும். அந்த நம்பரை கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரன்ட்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டும். கடை ஷோகேஸில் ஆறு மாசம் தூங்கிய மெஷின் என்றால் சில சமயம் அங்கேயே தெரிந்துவிடும். தேதி பழசாக இருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லி கஸ்டமர் கேருக்கு அன்றைக்கே மெயில் போட்டுடுங்க. கெட்டுப்போன பிறகு போட்டால் பதில் வருவதற்குள் இன்னொரு நெல்லை பஸ் ஏற வேண்டியிருக்கும்.