புயலுக்குள் செல்லும் ரிஸர்வ் விமானிகள்

ரிஸர்வ் படை என்னும் சொல்லைக் கேட்டவுடன், போர் மூளும் காலத்தில் மட்டும் அழைக்கப்பட்டு, ஏனைய காலங்களில் தத்தம் தொழிலைக் கவனித்துக்கொண்டிருக்கும் வீரர்களின் கூட்டமே பலருடைய நினைவுக்கு வரும். அத்தகைய பகுதிநேர வீரர்களிடம் உலகின் மிக அபாயகரமான விஞ்ஞானப் பணிகளுள் ஒன்றை ஒப்படைக்கலாம் என்று எவரேனும் கூறினால், அது பொருந்தாத யோசனையாகத் தோன்றக்கூடும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்து வருகிறது. அது வெற்றியுடன் நடைபெறுவதற்குரிய காரணங்களை ஆராய்வது, புயல்களால் இடருறும் எல்லா நாடுகளுக்கும் பயனளிப்பதாகும்.

மிஸிஸிப்பி மாநிலத்தில் பிலாக்ஸி நகரத்தையொட்டி அமைந்துள்ள கீஸ்லர் விமானத் தளத்தில், விமானப்படை ரிஸர்வைச் சேர்ந்த 403-ஆவது பிரிவு இயங்குகிறது. இதன்கீழ் பறக்கும் அணிகள் இரண்டு உள்ளன. 815-ஆவது அணி படைவீரர்களையும் சரக்குகளையும் ஏற்றிச் செல்வது. தேவையான இடங்களில் அவற்றைப் பாராசூட் மூலம் இறக்குவது. 53-ஆவது அணி வானிலை ஆய்வுக்கென அமைந்தது. அட்லாண்டிக் கடல், கரிபியன் கடல், மெக்ஸிகோ வளைகுடா முதலிய பகுதிகளில் ஹரிக்கேன் எனப்படும் கடும் புயல் தோன்றும்போது, இந்த அணியினர் அதனுள் நுழைந்து அளவெடுத்து வருகின்றனர். இரண்டு அணிகளும் பயன்படுத்துவது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த விமானமே. நான்கு எஞ்ஜின்களைக் கொண்ட ஸி-130ஜே என்னும் சரக்கு விமானம் அது. வானிலைக் கருவிகள் பொருத்தப்பட்ட அதன் மறு வடிவம் டபிள்யூஸி-130ஜே என்று வழங்குகிறது. புயலைத் தாங்குவதற்காக அதன் உடலோ இறக்கையோ தனியே வலுப்படுத்தப்படவில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தியாகும்.

இப்பணியின் தொடக்கம் 1943-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள். டெக்ஸாஸ் மாநிலத்தில், கருவிகளின் துணைகொண்டு விமானம் ஓட்டும் முறையைக் கற்பித்துவந்த கர்னல் ஜோஸப் டக்வொர்த், ரால்ஃப் ஓஹேர் என்பவரை உடன் அழைத்துக்கொண்டு, ஒற்றை எஞ்ஜின் கொண்ட சிறிய பயிற்சி விமானத்தில், கால்வெஸ்டன் அருகே கரையை நெருங்கிய புயலுக்குள் புகுந்து மீண்டார். திரும்பியதும், தளத்தின் வானிலை அதிகாரியை ஏற்றிக்கொண்டு அன்றே இரண்டாம் முறையும் சென்று வந்தார். புயலின் உட்பகுதி மனிதன் சென்று திரும்பக்கூடிய இடமே என்பது அன்று தெளிவாயிற்று. அடுத்த ஆண்டிலேயே இதற்கெனத் தனி அணி அமைக்கப்பட்டது.

ஆய்வு விமானத்தில் ஐவர் செல்கின்றனர்: விமானிகள் இருவர், வழி கணிப்பவர், வானிலை அதிகாரி, சரக்குப் பொறுப்பாளர். ஹரிக்கேனாக முதிர்ந்த புயலில் பெரும்பாலும் பத்தாயிரம் அடி உயரத்தில் பறந்து, மையத்தின் வழியே பெருக்கற்குறி போன்ற வடிவில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வர். பயணம் சுமார் பத்து மணி நேரம் நீடிக்கும். கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவரைக் கடக்கும்போதுதான் காற்றின் வேகமும் குலுக்கலும் மிகுகின்றன. அச்சுவரைத் தாண்டியதும் புயலின் கண்ணில் அமைதி நிலவுகிறது.

அங்குதான் சரக்குப் பொறுப்பாளரின் பணி சிறப்படைகிறது. சரக்கு விமானத்தில் பாரத்தை இறக்கும் அதே பதவிக்குரியவர், இங்கு டிராப்ஸோண்ட் என்னும் சிறு குழாய் வடிவக் கருவியை வெளியே விடுகிறார். சிறிய பாராசூட்டுடன் அது கடலை நோக்கி இறங்கும் சில நிமிடங்களில், காற்றின் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை வானொலி மூலம் இடைவிடாது அறிவிக்கிறது. இறக்கையிலுள்ள மற்றொரு கருவி, கடற்பரப்பின் நுரையிலிருந்து எழும் நுண்ணலைகளைக் கொண்டு நீர்மட்டக் காற்றின் வேகத்தைக் கணிக்கிறது. இவ்விவரங்கள் துணைக்கோள் வழியாக மயாமியிலுள்ள தேசிய ஹரிக்கேன் மையத்திற்கு உடனுக்குடன் சென்று சேர்கின்றன.

இவ்வளவு துணைக்கோள்கள் வானில் சுற்றிவரும் இக்காலத்தில் மனிதரைப் புயலுக்குள் அனுப்புவது அவசியந்தானா என்ற கேள்வி எழுவது இயல்பே. துணைக்கோளின் சேவை அளவிடற்கரியது என்பதில் ஐயமில்லை. ஆனால், அது பெரும்பாலும் மேகத்தின் மேற்பரப்பையே காண்கிறது. 1970-களில் வெர்னன் டிவோராக் வகுத்த முறை, மேகத்தின் வடிவத்தைக் கொண்டு புயலின் வலிமையை மதிப்பிடுவது. சிறந்த முறையே எனினும் அது மதிப்பீடேயன்றி நேர் அளவு அன்று. முகத்தைப் பார்த்துக் காய்ச்சலை ஊகிப்பதற்கும் வெப்பமானியை வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமையே இவ்விரண்டிற்கும் உள்ளது.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மெக்ஸிகோவின் பஸிபிக் கரையை நோக்கி வந்த ஓடிஸ் புயல் இதற்குத் தக்க சான்று. மிதமான புயலாகவே கரையை அடையும் என்று முதலில் எதிர்பார்க்கப்பட்டது. 24-ஆம் நாள் பிற்பகலில் ரிஸர்வ் விமானம் சென்று பார்த்தபோது, அது எதிர்பார்த்ததைக் காட்டிலும் மிகக் கடுமையாகிவிட்டது தெரிந்தது. எச்சரிக்கை உடனே கடுமையாக்கப்பட்டது. எனினும் காலம் குறைவாக இருந்தது. 25-ஆம் நாள் அதிகாலையில், உச்ச நிலையாகிய ஐந்தாம் தரப் புயலாக அது அகபுல்கோ நகரத்தின் அருகே கரை கடந்தது. விமானம் அன்று பயனளிக்கவில்லை என்று சிலர் வாதிக்கலாம். உண்மையில் இந்நிகழ்ச்சி உணர்த்துவது அதற்கு நேர்மாறானது. விமானம் ஒரு நாள் முன்னதாகவே பலமுறை சென்றிருந்தால் மட்டும் போதுமா என்பது விவாதத்திற்குரியது. ஆனால் அது செல்லாதிருந்தால், மக்கள் அந்தச் சில மணி நேர எச்சரிக்கையையும் இழந்திருப்பர்.

இனி, இப்பணியை ரிஸர்வ் படையிடம் விட்டது தகுமா என்பதை ஆராய வேண்டும். முழுநேர இராணுவத்தில் ஓர் அதிகாரி சில ஆண்டுகளுக்கொருமுறை வேறிடத்திற்கு மாற்றப்படுகிறார். ரிஸர்வ் வீரரோ ஒரே அணியில் பல்லாண்டுகள் நிலைத்திருக்க இயலும். புயலின் போக்கை ராடார் திரையில் கண்டு, எந்த இடத்தில் சுவரைக் கடப்பது, எப்போது விலகுவது என்று முடிவு செய்யும் ஆற்றல் ஏட்டுப் படிப்பால் மட்டும் வருவதன்று. பல பருவங்களின் அனுபவத்தால் வருவது. மேலும் அட்லாண்டிக் புயற் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு மாதமே. தேவை பெருகும்போது ஆட்களைத் திரட்டவும், குறையும்போது அவர்களைச் சொந்தத் தொழிலுக்கு அனுப்பவும் ரிஸர்வ் அமைப்பு இடங்கொடுக்கிறது. நாள்தோறும் பணியாற்றும் முழுநேர ரிஸர்வ் ஊழியர்களும், மாதத்தில் சில நாட்கள் மட்டும் வருவோரும் ஒரே விமானத்தில் இணைந்து பறக்கின்றனர். சரக்கு அணியும் வானிலை அணியும் ஒரே வகை விமானத்தை வைத்திருப்பதால் பழுது பார்ப்போர், உதிரிப் பாகங்கள், பயிற்சி ஆகியவையும் பொதுவாகின்றன.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கட்ரீனா புயல் கீஸ்லர் தளத்தையே தாக்கியது. அணியினர் பலரின் இல்லங்கள் சேதமுற்றன. ஆயினும் விமானங்கள் ஜார்ஜியா மாநிலத்துக்கு மாற்றப்பட்டு, ஆய்வுப் பணி தொடர்ந்து நடைபெற்றது. தம் வீடு நின்றதோ விழுந்ததோ என்று அறியாத நிலையிலும் பிறர் வீடுகளுக்காகப் பறந்தோரைப் பகுதிநேரத்தார் என்று குறைத்து மதிப்பிடுதல் முறையன்று.

இவ்வேற்பாட்டில் குறைகளே இல்லை எனக் கூறுவதும் மிகையாகும். அபாயம் எப்போதும் உடனிருக்கிறது. 1955-இல் ஜேனட் புயலில் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று பதினொரு பேருடன் மறைந்தது. 1974 அக்டோபரில், தென் சீனக் கடலில் பெஸ் என்னும் டைபூனை ஆராயச் சென்ற டபிள்யூஸி-130 விமானம் ஆறு பேருடன் திரும்பவில்லை. அன்றியும், அண்மை ஆண்டுகளில் குளிர்காலத்திலும் பஸிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று ஓட்டங்களை அளக்கும் பணி இவ்வணிக்குச் சேர்ந்துள்ளது. ஓய்வுக்குரிய பருவம் சுருங்கிவிட்டது. பணி மிகுமளவிற்கு ஆட்களும் பணமும் மிகாவிடில், எந்த நல்ல அமைப்பும் தளர்ந்துவிடும். செலவைக் குறைக்க விரும்புவோரின் கண் முதலில் இத்தகைய சிறு அணிகள்மீதே படுகிறது. அதனாற்றான் 53-ஆவது அணியைக் கலைக்கவோ குறைக்கவோ பணம் செலவிடக் கூடாது என்னும் விதியை அமெரிக்கக் காங்கிரஸ் பல ஆண்டுகளில் நிதிச் சட்டத்திலேயே சேர்த்துள்ளது. மேற்கு பஸிபிக்கில் இத்தகைய பாதுகாப்பு இல்லாமையால், அங்கு அமெரிக்கர் நடத்திய வழக்கமான விமான ஆய்வு 1987-இல் நின்றுபோயிற்று. அதன்பின் அப்பகுதிப் புயல்களின் வலிமை பெரும்பாலும் துணைக்கோள் மதிப்பீட்டைக் கொண்டே எழுதப்பட்டு வருகிறது.

இந்திய நாட்டிற்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. 1999-ஆம் ஆண்டு ஒரிஸ்ஸாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மடிந்தனர். 2013-இல் ஃபாய்லின் புயல் வந்தபோது, முன்னெச்சரிக்கையாலும் மக்களை இடம்பெயர்த்ததாலும் உயிர்ச் சேதம் மிகச் சிறு அளவிலேயே நின்றது. துணைக்கோள், டாப்ளர் ராடார், கடல் மிதவைகள் ஆகியவற்றில் நாடு கண்ட முன்னேற்றத்திற்கு இது சாட்சி. எனினும் வங்கக் கடலின் நடுவே புயல் திடீரென வலுக்கும்போது, அதன் உள்ளே சென்று அளக்கும் வழக்கமான ஏற்பாடு இல்லை. இக்கடலில் ஆண்டுதோறும் தோன்றும் புயல்கள் சிலவே. ஆதலின் இதற்கென மட்டும் விமானக் கூட்டம் ஒன்றை வைத்திருப்பது சிக்கனமாகாது என்ற வாதம் சரியானதே. ஆனால் அந்த வாதத்திற்கு விடையே கீஸ்லர் தளத்தில் கிடைக்கிறது. சரக்கு விமானத்தையே அடிப்படையாகக் கொண்டு, பயிற்சி பெற்ற சிலரைத் தயாராக வைத்திருந்தால், ஆண்டு முழுவதும் வீண் செலவு ஏற்படாது. ஸி-130ஜே விமானங்கள் 2011 முதல் இந்திய விமானப்படையில் பணிபுரிகின்றன. ரிஸர்வ், துணை விமானப்படைகளுக்கான சட்டமும் 1952-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கருவிகளின் செலவு, அண்டை நாடுகளின் வான்வெளி அனுமதி, ஆளில்லா விமானங்களால் இப்பணி கைகூடுமா என்பது ஆகிய யாவும் நிபுணர்கள் எடை போட வேண்டியவை.

கடற்கரைக் கிராமங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோரை வெளியேற்றும் முடிவு எளிதானதன்று. மிகைப்பட எச்சரித்தால் மறுமுறை மக்கள் நம்பமாட்டார்கள்; குறைவுபட எச்சரித்தால் உயிர்கள் போகும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழியைக் காட்டுவது நேரில் எடுத்த அளவே. ஒரு சரக்கு விமானமும், அதனைப் புயலுக்குள் செலுத்தும் ஐவரும் அந்த அளவைக் கொண்டுவர முடியுமாயின், அதற்காகும் செலவை நாட்டின் காப்புச் செலவாகக் கருதுவதே நியாயம்.