மேலிருந்து வரும் நீர்



உடன்குடி என்றால் கருப்பட்டியை நினைப்பவரே பலர். தேரி மணலும் பனையும் சூழ்ந்த ஊரிலிருந்துகொண்டு படகைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆயினும் கடல் நமக்குத் தொலைவில் இல்லை. தூத்துக்குடித் தோணிகளில் வேலை செய்து குடும்பம் காப்பவர் நம் பங்கிலும் உண்டு.

அவருள் ஒருவர் சென்ற ஐப்பசியில் நம்மிடம் வந்து, "சாமி, தோணியின் அடி முழுவதும் புதிதாகக் கலப்பத்துப் பார்த்தாயிற்று. முதலாளி பெருந்தொகை செலவழித்துவிட்டார். ஆனாலும் சரக்கு நனைகிறது" என்று நொந்துகொண்டார். மாலத்தீவுக்கு ஏற்றிய சிமெண்டில் பல மூட்டைகள் வழியிலேயே கல்லாகிவிட்டனவாம். அந்தப் பயணத்தில் அவர் வீட்டுக்கு வந்த பணம் பாதிதான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. இன்னொரு பயணம் இப்படியானால் தோணியைக் கரையேற்றிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டாராம்.

நமக்கு அறிமுகமான முதிய ஓடாவி ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "மேலே பலகையிலிருந்து சொட்டுகிறதே, அதை நாக்கில் வைத்துப் பார்த்தாயா, தம்பி?" அடியில் தேங்கிய நீரைச் சுவைத்துப் பயனில்லை; அதில் எல்லாம் கலந்து உப்பாகத்தான் இருக்கும். மேல்தளத்தின் உட்புறத்தில் தொங்கும் துளியே உண்மை சொல்லும். அது கரிக்கவில்லை. மழைநீர்! ஓட்டை இருந்தது மேலே. செலவு செய்ததோ கீழே.

காரணம் விளங்கக்கூடியதே. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் தோணிகள் ஓடுவதில்லை. அப்போது மேல்தளம் நம் ஊர் வெயிலில் காய்கிறது. பலகைகள் சுருங்க, மூட்டுகள் வாய் திறக்கின்றன. பயணம் தொடங்கிச் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. இப்பகுதியில் மழை குறைவுதானே என்று இருந்துவிடவும் முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியதை நாம் மறக்கவில்லை. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம்.

மரத்துக்குக் கடல்நீரைவிட மழைநீரே பெரும்பகை என்பதைப் பெரியவர் சொல்லித்தான் நாம் அறிந்தோம். உப்பு ஊறிய மரத்தில் பூஞ்சைக் காளான் எளிதில் பிடிப்பதில்லை. நல்ல தண்ணீர் ஊறிக் காற்றோட்டமின்றிக் கிடந்தால் மரம் உள்ளுக்குள் மக்கிவிடும். மேலே பார்த்தால் தெரியாது. பழைய தோணிக்காரர் காலையும் மாலையும் கடல்நீரை அள்ளித் தளத்தில் ஊற்றியது துப்புரவுக்காக மட்டுமன்று. பலகை ஊதி மூட்டு இறுகும், உப்பும் ஏறும்.

இனி, ஓட்டையைக் கண்டுபிடிப்பது. சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலே தேடுவதே எல்லாரும் செய்யும் பிழை. (பங்கு வீட்டு ஓட்டுக் கூரையில் நாமும் இதே பிழையைச் செய்திருக்கிறோம்.) புகுந்த நீர் குறுக்கு விட்டத்தின் வழியே ஊர்ந்து, தாழ்ந்த இடம் கண்ட பின்னரே விழும். ஆகவே மழையற்ற நாளில் உட்புறத்தைத் துணியால் துடைத்து, மூட்டுகளின்மேல் உலர்ந்த சுண்ணாம்புத் தூளைப் பூசினார்கள். ஒருவர் டார்ச் விளக்குடன் கீழே இறங்கினார். மற்றவர் மேலே, தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி, ஒரு முழம் ஒரு முழமாகத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் காத்திருந்தார். மேட்டிலிருந்து ஊற்றினால் எல்லா மூட்டும் ஒருசேர நனைந்து ஒன்றும் விளங்காது. உச்சி வெயிலில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நாம் நிழலில்தான் நின்றோம்.

மூன்று இடங்கள் அகப்பட்டன: சரக்கறை வாயின் ஒரு மூலை, துருவேறிய போல்ட் ஒன்று, பாய்மரம் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம். மரம் காற்றில் அசைவதால் இக்கடைசி இடம் எப்போதும் தொல்லை தருவதாம்.

வெங்காயம் போன்ற சரக்கு மூடிய அறையில் விடும் ஆவியும் பலகையில் துளியாக நிற்கும். மழை பெய்யாத விடியலில் ஈரம் கண்டால் அது ஓட்டையன்று, வியர்வை. அதற்கு மருந்து காற்றோட்டமே. இங்கிலாந்தின் கால்வாய்களில் இரும்புப் படகில் குடியிருப்போரும் இந்த வியர்வையைக் கூரை ஒழுகலென்று எண்ணி மயங்குவதுண்டு.

ஈர மரத்தின்மேல் தாரைப் பூசி மூட முதலாளி அவசரப்பட்டார். பெரியவர் இணங்கவில்லை; நீரை உள்ளே சிறைவைத்தால் பலகையே போய்விடும் என்றார். பழைய பஞ்சைத் தோண்டியெடுத்து, மூட்டை உலரவிட்டு, குத்தூசியால் மரத்தைக் குத்திப் பார்த்து, மெத்தென்றிருந்த பகுதியை வெட்டி நல்ல மரம் வைத்தார். பிறகு புதுப் பஞ்சை அடித்து இறக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை ஊற்றினார். பஞ்சை அளவு மீறி அடித்தால் பக்கத்து மூட்டு விரியுமென்று ஒவ்வோர் அடியின் ஓசையையும் கேட்டே அடித்தார்.

கார்த்திகையின் முதல் பெருமழையன்று இரவு நம் பங்குக்காரர் விளக்குடன் சரக்கறையில் இறங்கியிருக்கிறார். மூலை உலர்ந்திருந்தது, போல்ட்டும் அப்படியே. பாய்மரத்தடியில் மட்டும் ஒரு துளி. அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, மூட்டைகளை அவ்விடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி அடுக்கியதாக வந்து சொன்னார்.