மூங்கில் வெட்ட யாருடைய உத்தரவு?

மூங்கில் புல்லா, மரமா?

தாவர நூல் படித்த பள்ளிப் பையனைக் கேட்டால் புல் என்று சொல்லுவான். நெல்லும் கரும்பும் எந்த இனமோ, அதே இனம். ஆனால் நமது வன இலாகா? மரம் என்றே வெகுகாலம் சாதித்து வந்தது. 1927-ம் வருஷத்திய இந்திய வனச் சட்டத்தில், "மரம்" என்ற சொல்லில் மூங்கிலும் அடங்கும் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனான். அந்த ஒரு வாசகத்தை வைத்துக்கொண்டு சுதந்திர இந்தியாவின் சர்க்கார்கள் எழுபது ஆண்டு காலம் தர்பார் நடத்தின. 2017-ல்தான் வாசகத்தைத் திருத்தினார்கள். அதுவும் எப்படி? பலன் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு மட்டும்! "மரம்" என்ற சொல்லிலிருந்து நீக்கினாலும், காட்டுக்குள் வளரும் மூங்கில், அந்தச் சட்டப் புத்தகத்தைப் பொறுத்தமட்டில், இன்றைக்கும் வனப்பொருள்தான்.

இது என்ன வெறும் வார்த்தைச் சண்டை என்று வாசகர்கள் நினைக்கலாம். வார்த்தைச் சண்டையல்ல; வயிற்றுச் சண்டை. புல் என்று ஒப்புக்கொண்டால் அது சிறு வனப்பொருள். காட்டில் குடியிருப்பவன் வெட்டலாம், முடையலாம், விற்கலாம். மரம் என்றால் இலாகாவின் சொத்து. வெட்டினவன் திருடன். ஒரு கூடைக்கு வேண்டிய மூங்கிலை வெட்டிய கிழவி குற்றவாளி. டன் டன்னாக ஏற்றிச் சென்ற ஆலை முதலாளி தேச வளர்ச்சிக்குத் தொண்டு செய்கிறவர்!

நாம் மிகைப்படுத்தவில்லை. 1958-ல் அன்றைய மைசூர் ராஜ்ய சர்க்கார் தண்டேலி காகித ஆலைக்கு மூங்கிலை என்ன விலைக்குக் கொடுத்தது தெரியுமா? டன் ஒன்றரை ரூபாய்! கூடை முடைகிறவன் சந்தையில் கொடுத்த விலையோ அதைப்போல் பல நூறு மடங்கு. மூங்கில் அழியத் தொடங்கியபோது பழி யார் தலையில் விழுந்தது? "கிராமத்தான் மாடு மேய்த்து, குருத்தை ஒடித்துக் கெடுத்துவிட்டான்" என்று இலாகா சொல்லிற்று. விஞ்ஞானி மாதவ் காட்கில் நேரில் போய் ஆராய்ந்தார். மூங்கில் புதரின் அடியைச் சுற்றி முள் அடர்ந்திருக்கும். வளர்ச்சிக்கு நல்லது என்று சொல்லி அந்த முள்ளைச் சுத்தமாகக் கழிக்கச் செய்தார்கள். முள்தான் இளங்குருத்துக்கு வேலி என்பது அங்கிருந்த கிராமத்து ஜனங்களுக்குத் தெரியும். வேலி போன பிறகு மாடும் மானும் குருத்தைத் தின்னாமல் என்ன செய்யும்? படித்த இலாகாவுக்குத் தெரியாத விஷயம், எழுத்தறியாத குடியானவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவனை யார் கேட்டார்கள்?

காட்டை ஜனங்களிடம் விட்டால் மொட்டையடித்து விடுவார்கள் என்று பட்டணத்துக் கனவான்கள் சிலர் கூப்பாடு போடுகிறார்கள். ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும் என்று 1865-லும் 1878-லும் சட்டம் போட்டுக் காட்டை வளைத்தது கோண்டு ஆதிவாசியா? சுரங்கத்துக்கும் அணைக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தூக்கிக் கொடுத்தது சந்தாலா? இந்தக் கேள்விக்கு மட்டும் கனவான்களிடம் பதில் கிடையாது.

இலாகாவே தன் தோல்வியை ஒப்புக்கொள்ளும்படியான ஒரு காரியம் மேற்கு வங்கத்தில் நடந்தது. மிதுனப்பூர் ஜில்லா அரபாரியில் அஜித்குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, 1970-களின் தொடக்கத்தில், 1,272 ஹெக்டேர் சால் காட்டை 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்களின் காவலில் விட்டார். வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளிலிருந்து சால் மரம் மறுபடி தழைத்தது. துப்பாக்கியும் லத்தியும் காக்க முடியாத காட்டை ஜனங்கள் காத்தார்கள். 1989-ல் இடது முன்னணி சர்க்கார் இதை மாநிலம் முழுவதற்கும் உத்தரவாக்கியது. 1990 ஜூன் 1-ல் மத்திய சர்க்காரும் "கூட்டு வன நிர்வாகம்" என்று சுற்றறிக்கை விட்டது. அரபாரி ஒரு பெரிய காரியம்தான். அதைக் குறைத்துச் சொல்ல நாம் தயாரில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். காத்தவனுக்கு விற்பனையில் நாலில் ஒரு பங்கு. முக்கால் பங்கு இலாகாவுக்கு. பல மாநிலங்களில் கிராம வனக் குழு என்று ஒன்று வைத்தார்கள். அதற்குச் செயலாளர் இலாகாவின் உத்தியோகஸ்தர். காவல் உன்னுடையது, கணக்குப் புத்தகம் என்னுடையது! இதற்குக் கூட்டு நிர்வாகம் என்று பெயர். குத்தகைதாரனுக்கும் மிராசுதாருக்கும் இருந்த "கூட்டு" நமக்குத் தெரியாததா?

பங்கு வேறு, பாத்தியதை வேறு. இந்த வித்தியாசத்தை உரைத்துக் காட்டிய ஊர் ஒன்று இருக்கிறது.

மராட்டிய மாநிலம், கட்சிரோலி ஜில்லா, தனோரா தாலுகாவில் மேண்டா (லேகா) என்ற சிற்றூர். ஏறத்தாழ நூறு குடும்பங்கள், கோண்டு ஆதிவாசிகள். சுற்றிலும் சுமார் 1,800 ஹெக்டேர் காடு. 1980-களில் இந்திராவதி மீதும் கோதாவரி மீதும் போபால்பட்டணம், இச்சம்பள்ளி என்று இரண்டு அணைகள் கட்டி அந்தப் பிரதேசத்துக் காடுகளை மூழ்கடிக்கத் திட்டம் போட்டபோது ஜனங்கள் திரண்டெழுந்தார்கள். அணைகள் கிடப்பில் போடப்பட்டன. அந்தப் போராட்டத்தில் விழித்துக்கொண்ட ஊர் மேண்டா. "மாவா நாட்டே மாவா ராஜ்" என்று கோண்டி மொழியில் முழங்கினார்கள். எங்கள் ஊரில் எங்கள் ராஜ்யம் என்று அர்த்தம். (கோண்டி நமது தமிழுக்கு உறவான மொழி, அந்த "நாட்டே" நமது காதுக்கு அந்நியமாகப் படவில்லை.)

கோண்டு இளைஞர்கள் கூடுவதற்கென்று "கோட்டுல்" என்ற பொதுமனை உண்டு. மேண்டாக்காரர்கள் தங்கள் காட்டுத் தேக்கை வெட்டிக் கோட்டுல் கட்டினார்கள். அனுமதியில்லாமல் மரம் வெட்டியது குற்றம் என்று இலாகா அதை இடித்துத் தள்ளியது. என்ன நடந்தது? மேண்டா மறுபடி கட்டியது. அது மட்டுமல்ல, சுற்றுவட்டாரக் கிராமங்களும் தங்கள் ஊரில் ஒவ்வொரு கோட்டுல் கட்டின. எத்தனை ஊரைத்தான் இடிப்பார்கள்?

அந்த ஊரில் பெரும்பான்மை ஓட்டு என்பதுகூட இல்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை பேசுகிறார்கள். வாசிப்புக் குழு வைத்துச் சட்டத்தைத் தாங்களே படிக்கிறார்கள். இவர்களைத்தான் காட்டுமிராண்டிகள் என்று சொன்ன உத்தியோகஸ்தர்கள் உண்டு!

2006 டிசம்பரில் பார்லிமெண்ட் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாடெங்கும் ஆதிவாசிகள் நடத்திய போராட்டமும், அன்று பார்லிமெண்டில் இடதுசாரிகளுக்கு இருந்த பலமும் இல்லாவிட்டால் அது வந்திராது. மூங்கில் சிறு வனப்பொருள் என்று அந்தச் சட்டம் பச்சையாகச் சொல்கிறது. அதன் சொந்தம் காட்டில் வாழும் ஜனங்களுக்கே என்றும் சொல்கிறது. 2009-ல் மேண்டாவுக்கு சமுதாய வன உரிமைப் பத்திரம் கிடைத்தது. நாட்டில் முதன்முதலில் பெற்ற ஊர்களுள் அதுவும் ஒன்று.

பத்திரம் கையில் வந்தது, மூங்கில் வந்ததா? வரவில்லை! உரிமை உன்னுடையதாகவே இருக்கட்டும், ஆனால் காட்டைவிட்டு வெளியே கொண்டுபோகப் பாஸ் வேண்டுமே, பாஸ் புத்தகம் எங்கள் மேஜையில் அல்லவா இருக்கிறது என்றது இலாகா. உன் வீடுதான், சாவி மட்டும் என்னிடம்! ஊர் விடவில்லை. கடைசியில் 2011 மார்ச்சில் மூங்கில் சிறு வனப்பொருளே என்று மத்திய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் மாநில முதல் மந்திரிகளுக்கெல்லாம் கடிதம் எழுத வேண்டி வந்தது. 2011 ஏப்ரல் 27-ல் அவரே மேண்டாவுக்கு வந்து பாஸ் புத்தகத்தைக் கிராமசபையின் கையில் கொடுத்தார். 2012-ல் விதிகள் திருத்தப்பட்டு, பாஸ் கொடுக்கும் அதிகாரம் கிராமசபைக் கமிட்டிக்கே உரியது என்று எழுதப்பட்டது. மந்திரியின் தாராள மனசைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. இருபத்தைந்து வருஷம் கூட்டம் போட்டு, வழக்குக்கும் தடியடிக்கும் அஞ்சாமல் நின்ற ஜனங்கள் அந்தப் புத்தகத்தை வாங்கினார்கள் என்று நாம் சொல்கிறோம்.

மூங்கில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றது. வெட்டுக் கூலியைக் கிராமசபையே நிர்ணயித்தது. காடு மொட்டையாகவில்லை. எந்தப் பகுதியை எந்த வருஷம் வெட்டுவது, எதைத் தொடக்கூடாது என்பதை ஊரே தீர்மானிக்கிறது. அவர்களுடைய பேரன் பேத்திகள் அதே காட்டில்தானே வாழ வேண்டும்? ஆலை முதலாளிக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தம் கிடையாது. இங்கே தீர்ந்தால் அடுத்த காட்டுக்குப் போவான்; அங்கும் தீர்ந்தால் வெளிநாட்டுக் கூழை இறக்குமதி செய்வான்.

ஆனால் மேண்டாவைப் போல் எத்தனை ஊர்? 2025 வரை நாடெங்கும் வந்த மனுக்கள் 50 லட்சத்துக்கு மேல். கொடுக்கப்பட்ட பத்திரங்கள் ஏறத்தாழ அதில் பாதி. தள்ளப்பட்டவை சுமார் 18 லட்சம். பல மனுக்கள் காரணம்கூட எழுதாமல் தள்ளப்பட்டவை. 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்குக் கால் வெடிக்க நடந்து வந்த பல்லாயிரம் விவசாயிகளில் பெரும்பாலோர் இந்தப் பத்திரம் கிடைக்காத ஆதிவாசிகளே. மறுவருஷம் பிப்ரவரி 13-ல், மனு தள்ளப்பட்டவர்களையெல்லாம் காட்டைவிட்டு வெளியேற்றும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பத்து லட்சம் குடும்பங்களுக்கு மேல் தெருவில் நிற்கும் நிலை! நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மத்திய சர்க்கார் அலறியடித்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடியது. 28-ந் தேதி உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது.

அதன் பிறகாவது புத்தி வந்ததா? 2022-ல் புதிய விதிகள். காட்டைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கிராமசபையின் சம்மதத்தைப் பெற்ற பிறகே மத்திய சர்க்கார் அனுமதிக்கலாம் என்றிருந்த ஏற்பாட்டைத் தூக்கி எறிந்தார்கள். முதலில் அனுமதி, உரிமை விஷயத்தை மாநில சர்க்கார் பிற்பாடு பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். தாலி கட்டின பிறகு பெண்ணின் சம்மதம் கேட்பது போல! 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தையே திருத்திப் பலவகை நிலங்களை அதன் பிடியிலிருந்து விலக்கினார்கள். அழித்த காட்டுக்கு ஈடாக மரம் நட என்று 2019-ல் மாநிலங்களுக்கு 47,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பணம் வன இலாகாவின் கையில்தான் இருக்கிறது. எங்கே நடுவது என்று கிராமசபையைக் கேட்டுத்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இலாகாவின் அதிகாரம் என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை. 1992 ஜூன் 20-ல் தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வன இலாகாவினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் செய்த அட்டூழியத்தை நாடறியும். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடியதன் பேரில் 269 பேர் மீது வழக்கு. 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023-ல் ஹைக்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. சந்தனம் கடத்திய பெரும்புள்ளிகளுக்குக் காட்டின் வழி தெரிந்திருந்தது, அகப்பட்டவர்கள் குடிசைவாசிகள். காட்டின் சாவி முழுவதும் ஒரு இலாகாவின் இடுப்பில் தொங்கினால் இதுதான் கதி.

அப்படிப்பட்ட மாநிலத்தில் வன உரிமைச் சட்டம் எப்போது அமுலுக்கு வந்தது? 2008-ல் ஹைக்கோர்ட் போட்ட உத்தரவால் பத்திரம் கொடுப்பது தடைப்பட்டது. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட்டில் தடை நீங்கியது. எட்டு வருஷம் வீணாயிற்று. தடை நீங்கிய பிறகாவது வேகம் வந்ததா என்றால், தனி நபருக்கு வீட்டுமனைக்கும் சாகுபடி நிலத்துக்கும் பத்திரம் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வதில்தான் மந்திரிமாருக்கு ஆர்வம். சமுதாய வன உரிமை என்றால் ஏனோ நாக்கு எழுவதில்லை.

ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, சத்தியமங்கலம் மலைகளில் உள்ள தோழர்கள் கவனிக்க வேண்டியது இது. இந்தச் சட்டத்தில் கிராமசபை என்பது பஞ்சாயத்து முழுவதும் அல்ல. உங்கள் குக்கிராமமே கூடித் தீர்மானம் போடலாம். சமுதாய வனத்தை நிர்வகிக்கும் உரிமைக்கு "சி" படிவம். அதை நிரப்பும்போது ஓடை, பாறை, கோவில், மேய்ச்சல் தரை என்று ஊர் எல்லையைப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு நடந்து குறியுங்கள். சப்-டிவிஷன் கமிட்டிக்குக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். "முடியாது" என்று யாராவது வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்தால் 60 நாளில் மேல் கமிட்டிக்கு முறையீடு செய்யலாம். பத்திரம் வந்த மறுநாளே கேட்க வேண்டியது பாஸ் புத்தகத்தை.