கொல்லையில் ஒரு குடித்தனமும் கோடீஸ்வரர் ஊர்ச் சிங்கமும்

2022-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓர் ஊர் திடீரென்று காடாகிவிட்டது! ஊரின் பெயர் வுட்சைட். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கோடீஸ்வரர்கள் குடியிருக்கும் இடம். ஜனத்தொகை ஐந்தாயிரம் சொச்சம். அவ்வூர் நிர்வாகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கள் ஊர் முழுவதும் மலைச் சிங்கம் வாழும் பிரதேசம், ஆகவே புதிய சட்டப்படி இங்கே வீடு கட்ட எவருக்கும் அனுமதி கிடையாது என்றது அந்த அறிக்கை.

சீமான்களுக்கு மலைச் சிங்கத்தின் மீது இந்தக் காதல் எப்போது பிறந்தது? அதே ஜனவரி முதல் தேதிதான் ஒரு மாநிலச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட மனையில் இனி இரண்டு வீடு கட்டலாம், மனையை இரண்டாகப் பிரித்தால் நான்கு வரை கட்டலாம் என்றது அச்சட்டம். பாதுகாக்க வேண்டிய பிராணிகள் வாழும் நிலத்துக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் வுட்சைட் கனவான்கள் நுழையப் பார்த்தார்கள். வீடுகள் நிறைந்த ஊர் சிங்கத்தின் வாழிடமாகாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போன்டா கடிதம் எழுதினார். உடனே அறிக்கை வாபஸாயிற்று. சிங்கமும் ஊரைக் காலி செய்துவிட்டது போலும்!

சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி அல்ல இது. எதற்காக இந்தப் பயம்? அடுத்த வீட்டில் இன்னொரு குடும்பம் குடியேறிவிடும் என்பதற்காக.

நம் வாசகர்களுக்கு இது விசித்திரமாகவே படும். மகனுக்குக் கல்யாணமானால் மாடியில் ஒரு போர்ஷன் எடுப்பது, வாடகை வந்தால் வீட்டுக் கடனை அடைக்கலாமென்று பின்கட்டைத் தடுத்து ஒரு குடித்தனம் வைப்பது, இவையெல்லாம் நம் நகரங்களில் சர்வ சாதாரணம். பிளான் அனுமதிக்கு நடையாய் நடப்பதும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிப்பதும் நாம் அறியாததல்ல. ஆனால் இந்த வீதியில் ஒரு மனைக்கு ஒரு குடும்பத்துக்கு மேல் இருக்கவே கூடாது என்று சட்டமே போட்டால்? அமெரிக்க நகரங்கள் பலவற்றில், வீடுகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் பூட்டப்பட்டிருக்கிறது. ஜோனிங் என்று அதற்குப் பெயர். மோட்டார் ஷெட்டைத் தட்டி ஓர் அறையும் அடுப்படியும் ஆக்கி வயதான தாயாரை வைத்துக்கொள்ள வேண்டுமா? விசேஷ அனுமதி கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் போகும், பொது விசாரணை நடக்கும். கார் நிறுத்த இடமிருக்காது, எங்கள் தோட்டத்தில் நிழல் விழும், சாக்கடை தாங்காது, வட்டாரத்தின் குணமே கெட்டுவிடும் என்று ஆட்சேபங்கள் வரிசையாக வரும்.

கார் நிறுத்துவதும் சாக்கடையும் நிஜமான சங்கடங்கள்தான், மறுக்கவில்லை. அந்தக் கடைசி ஆட்சேபம் இருக்கிறதே, 'வட்டாரத்தின் குணம்', அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்ற சட்டம் அமெரிக்காவில் முதலில் பிறந்த இடங்களில் ஒன்று பெர்க்கிலி. பல்கலைக்கழகத்துக்கும் முற்போக்குக் கருத்துக்களுக்கும் பேர்போன அதே பெர்க்கிலிதான்! 1916-ல் எல்ம்வுட் என்ற பகுதியில் அந்தச் சட்டம் வந்தது. அதற்காக மும்முரமாக நின்றவர் டங்கன் மக்டபி என்ற மனை வியாபாரி. அவர் விற்ற மனைகளின் பத்திரங்களிலேயே, கறுப்பு மக்களும் ஆசிய மக்களும் குடியிருக்கக் கூடாதென்ற ஷரத்து இருந்தது. சீனர்களின் சலவைக் கடைகள் வெளியேற வேண்டும், கறுப்பர்களின் நடன மண்டபம் வரக்கூடாது, இவைதாம் அன்று ஜோனிங்குக்காகச் சொன்ன நியாயங்கள். (இந்த மக்டபிதான் பிற்காலத்தில் இயற்கைப் பாதுகாப்புக்குப் பேர்போன சியரா கிளப்புக்குத் தலைவரானார். வுட்சைட் சிங்கத்துக்கும் ஒரு பாட்டனார் இருக்கிறார் பாருங்கள்!)

1917-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, லூயிவில் நகரத்து வழக்கில், தோலின் நிறத்தைச் சொல்லி வீதிகளைப் பிரிக்கும் நகரச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிறத்தைச் சொல்லக்கூடாதா? சரி, பணத்தைச் சொல்வோம்! பெரிய மனை, ஒரே வீடு, ஒரே குடும்பம் என்று வைத்துவிட்டால், அன்றாடக் கூலிக்காரன் அந்த வீதிக்குள் எப்படி வருவான்? கறுப்புத் தொழிலாளி எப்படி வருவான்? யூக்ளிட் என்ற ஓஹையோ கிராமத்தின் வழக்கில், 1924-ல் கீழ்க் கோர்ட்டு நீதிபதி இதை ஒளிக்காமல் எழுதினார். மக்களை வருமானப்படி வகை பிரித்துத் தனித்தனியே வைப்பதுதான் இந்தச் சட்டத்தின் பலன் என்று சொல்லி அதைத் தள்ளினார். 1926-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் தீர்ப்பைப் புரட்டி, சட்டத்துக்கு முத்திரை குத்தியது. தனி வீடுகளுக்கு நடுவே வரும் வாடகை அடுக்கு வீட்டை ஓர் ஒட்டுண்ணி என்றே வர்ணித்தது அந்தத் தீர்ப்பு. வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவன் ஒட்டுண்ணியாம், வாடகை வாங்கித் தின்கிறவன் யாராம்?

இந்தச் சரித்திரத்தில் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு. மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் பெண் சியாமளா கோபாலன் 1958-ல், 19-வது வயதில், பெர்க்கிலி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். ஆராய்ச்சி விஞ்ஞானியானார். கணவரைப் பிரிந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு அவர் 1970-களின் தொடக்கத்தில் குடியிருந்தது எங்கே? எல்ம்வுட்டிலும் அல்ல, மலைச் சரிவு மாளிகைகளிலும் அல்ல. நகரின் மேற்குப் பக்கத்துத் தாழ்நிலத்தில், கறுப்புத் தொழிலாளிகள் மிகுந்த பகுதியில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். கீழே குழந்தைகள் காப்பகம். அந்தக் காப்பகத்தை நடத்திய கறுப்பு அம்மையார்தான் தாய் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து திரும்பும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். மூத்த குழந்தை கமலா ஹாரிஸ், பின்னாளில் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியானது உலகறிந்தது. அவரைப் பஸ்ஸில் ஏற்றி, வெள்ளைக்காரர் வசித்த பகுதியின் பள்ளிக்கூடத்துக்கு நகரமே அனுப்பிற்று. காலையில் படிக்கப் போகலாம், மாலையில் அங்கே குடியிருக்க முடியாது!

ஒரு கீழ்த்தளமும் மேல்மாடியும் சேர்ந்த இந்த வாழ்க்கைதான் மற்ற வீதிகளில் சட்ட விரோதம் என்றிருந்தது.

நிற்க. ஆட்சேபிக்கிற அண்டை வீட்டார் அத்தனை பேரும் கோடீஸ்வரர்களா? இல்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை இருப்பார். முப்பது வருஷம் பாங்கிக் கடன் கட்டி மீட்ட வீடு அவருடையது. அதைத் தவிர முதுமைக்கு அவருக்கு வேறு சேமிப்பு கிடையாது. வீட்டு விலை இறங்கினால் வைத்தியச் செலவுக்கு என்ன செய்வார்? தொழிலாளியைச் சொந்த வீட்டுக்காரனாக்கிப் பிரச்னையைத் தீர்க்கலாம் என்றவர்களுக்கு 1872-லேயே எங்கெல்ஸ் பதில் சொன்னார், அந்த வீடே அவனைக் கட்டிப்போடும் தளை என்று. கலிபோர்னியாவில் அந்தத் தளைக்குத் தங்க முலாமும் பூசினார்கள். 1978-ல் சர்வஜன வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-வது தீர்மானப்படி, சொத்து வரி வாங்கிய மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகாது. வீட்டை விற்கும்வரை அந்த மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீட்டின் விலை பத்து மடங்கு ஏறலாம், வரி ஏறாது. எனவே ஊரில் வீட்டுப் பஞ்சம் முற்ற முற்ற, பழைய வீட்டுக்காரருக்குச் சொத்து பெருகுகிறது. அந்த ஆசிரியைக்குச் சில லட்சம் டாலர், பெரும் மனை முதலாளிகளுக்கு எத்தனையோ கோடி. ஆனால் விசாரணை மண்டபத்தில் ஆட்சேபம் சொல்ல வந்து நிற்பது ஆசிரியைதான்!

நம்மைப் போன்ற கருத்துள்ளவர்களும் அங்கே சறுக்கியிருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. 1973-ல் பெர்க்கிலி வாக்காளர்கள் 'வட்டாரப் பாதுகாப்பு' என்ற சட்டத்தை நிறைவேற்றினார்கள். பழைய வீடுகளை இடித்துத் தீப்பெட்டி மாதிரி அடுக்கு வீடுகள் எழுப்பிக் கொள்ளையடித்த கான்டிராக்டர்கள் மீது மக்களுக்கு நியாயமான கோபம் இருந்தது. இடதுசாரிகளும் அந்தக் கோபத்தோடு சேர்ந்தார்கள். விளைவு என்ன? இடிப்பது நின்றது. கட்டுவதும் ஏறக்குறைய நின்றது. இருந்த வீடுகளின் விலை ஆகாயத்துக்குப் போயிற்று. கான்டிராக்டரை விரட்டிவிட்டோம் என்று நினைத்தவர்களின் பிள்ளைகளே இன்று அந்த ஊரில் வாடகை கொடுத்து வாழ முடியாது.

1916-ன் பாவத்தைப் பெர்க்கிலி நகர சபை 2021 பிப்ரவரியில்தான் தீர்மானம் போட்டு ஒப்புக்கொண்டது. 2025 ஜூன் மாதம், மலைச் சரிவு நீங்கலாக நகரின் பெரும்பாலான பகுதிகளில், ஒரு மனையில் பல வீடுகளுக்கு அனுமதி தந்தது. மலைச் சரிவுக்கு விலக்குத் தந்ததற்குக் காட்டுத் தீ காரணம். 1991-ல் அங்கே மூண்ட தீயில் 25 பேர் மாண்டார்கள். ஆகவே அந்தக் காரணத்தைச் சிங்கத்தோடு சேர்த்துப் பேசுவதற்கில்லை. ஆனாலும் மலைமேல் வசிப்பவர்கள் யார் என்பதை ஊர் அறியும்.

மாநில அளவிலும் பூட்டு தளர்ந்திருக்கிறது. 2017 முதலும் 2020 முதலும் அமலான சட்டங்களால், கொல்லையில் ஒரு சிறு வீடு கட்ட அண்டை வீட்டாரிடம் விசாரணை வேண்டியதில்லை. விதிக்கு உட்பட்டிருந்தால் 60 நாளில் அனுமதி தந்தாக வேண்டும். பஸ், ரயில் நிலையம் அரை மைலுக்குள் இருந்தால் கார் நிறுத்த இடம் கேட்கக்கூடாது. 2016-ல் மாநிலம் முழுவதும் சுமார் 1,300 அனுமதிகள் கொடுத்தார்கள், 2023-ல் அது 25,000-ஐத் தாண்டிற்று. நல்ல காரியம். தயக்கமில்லாமல் வரவேற்கிறோம். ஒரு குடும்பத்துக்குக் கூரை கிடைப்பதை இன்னொரு குடும்பம் தடுக்கும் உரிமை எந்த ஜனநாயகத்திலும் உரிமையாகாது.

அத்தோடு பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் முதலாளித்துவப் பத்திரிகைகள் கதையை முடித்துவிடுகின்றன. நாம் முடிக்க முடியாது.

கொல்லை வீடு கட்ட எளிதில் ஒன்றிரண்டு லட்சம் டாலர் ஆகும். யாரிடம் இருக்கிறது அந்த முதல்? ஏற்கெனவே வீடு உள்ளவரிடம். வாடகை யாருக்குப் போகும்? அவருக்கே. எவ்வளவு கேட்பார்? 1995-ல் மாநில சட்டசபை இயற்றிய காஸ்டா-ஹாக்கின்ஸ் சட்டம், புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு நகரங்கள் வாடகைக் கட்டுப்பாடு விதிப்பதைத் தடுக்கிறது. 2018, 2020, 2024 என்று மூன்று முறை வாடகைக் கட்டுப்பாட்டின் கையை அவிழ்த்துவிட மக்கள் முன் தீர்மானம் வந்தது. மூன்று முறையும் மனை முதலாளிகள் கோடிக்கணக்கில் டாலரை இறைத்துத் தோற்கடித்தார்கள்.

ஆதர்ட்டன் என்ற சீமான் ஊரின் கதையையும் கேளுங்கள். 2022-ல் அங்கே சில இடங்களில் பல குடும்ப வீடுகளுக்கு இடம் ஒதுக்கலாமென்று யோசனை எழுந்தது. ஆட்சேபித்துக் கடிதம் எழுதியவர்களில் பெரும் முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசனும் ஒருவர். 2020-ல் அமெரிக்கா வீடு கட்டுவதில்லையே என்று புலம்பி உலகத்துக்கே உபதேசக் கட்டுரை எழுதியவரும் இதே மனிதர்தான்! யோசனை கைவிடப்பட்டது. அதற்குப் பதில் ஊர் நிர்வாகம் என்ன சொல்லிற்று? எங்கள் மாளிகைத் தோட்டங்களில் எழும் சிறு வீடுகளை வைத்தே மாநிலம் கேட்கும் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்கிறோம் என்றது. மாளிகைத் தோட்டத்து விருந்தினர் குடிலில் தோட்டத் தொழிலாளியா குடியேறப் போகிறான்?

அப்படியானால் வாடகை லாபம் தேடாத வீட்டை யார் கட்ட வேண்டும்? சர்க்கார் கட்ட வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அதற்கொரு திட்டம் இருந்தது. சுமார் 10,000 பொது வீடுகள். அதற்கென்று சாவேஸ் ரவைன் பள்ளத்தாக்கிலிருந்து மெக்ஸிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்களை, புது வீட்டில் முதல் இடம் உங்களுக்கே என்று சொல்லி வெளியேற்றினார்கள். 1952-ல் வீட்டு வசதி அதிகாரி பிராங்க் வில்கின்சனைக் கூண்டிலேற்றி, நீ எந்தெந்த ஸ்தாபனங்களில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டார்கள். பதில் சொல்ல மறுத்ததற்காக அவருடைய வேலை போயிற்று. பொது வீடென்றாலே சோஷலிஸம் என்று கூச்சல் கிளம்பிற்று. 1953-ல் திட்டமே கைவிடப்பட்டது. அந்த நிலத்தில் 1962-ல் திறந்தது டாட்ஜர் பேஸ்பால் ஸ்டேடியம். குடும்பங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை.

அந்தக் கூச்சல் 1950-லேயே கலிபோர்னியா அரசியல் சட்டத்துக்குள் 34-வது பிரிவாக ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏழைகளுக்குக் குறைந்த வாடகையில் பொது நிறுவனம் வீடு கட்டுவதானால், முதலில் அந்த ஊர் வாக்காளர்களின் பெரும்பான்மைச் சம்மதம் வேண்டும் என்கிறது அப்பிரிவு. மாளிகைக்கு அப்படி வாக்கெடுப்பு இல்லை, ஏழை வீட்டுக்கு மட்டும் உண்டு. 1971-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதில் தவறில்லை என்றது. பெரிய நகரங்கள் இத்தனை ஆயிரம் வீடு என்று மொத்தமாகச் சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன. கொல்லையில் வாடகைக்கு வீடு கட்டுகிறவருக்கு அடுத்த வீட்டுக்காரரின் சம்மதம்கூட இன்று வேண்டாம். ஏழைக்கு வீடு கட்டும் சர்க்காருக்கு ஊர் முழுவதன் சம்மதமும் வேண்டும். இந்தப் பிரிவை எடுத்துவிடும் தீர்மானம் 2024 நவம்பர் வாக்கெடுப்புக்கு வருவதாக இருந்தது. தோற்றுவிடுமோ என்ற பயத்தில், வாக்கெடுப்பு வருமுன்பே சட்டசபை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.