அட்டை டாங்கியும் அறச்சீற்றமும்

ஆசிரியர் அறையில் என் மேசைமீது காய்ந்துகொண்டிருந்த காகித டாங்கியைக் கண்டு சக விரிவுரையாளர் ஒருவர் முகம் சுளித்தார். போரை நேரில் பாராதவர்களே அதை விளையாட்டாக்குவர் என்றார். இலக்கியம் கற்பிப்பவன் இதைச் செய்யலாமா என்ற கேள்வியும் அதில் தொக்கி நின்றது. அன்று நான் வாய்திறவாமல் இருந்தது பிழை.

போர் விளையாட்டு களங்கமற்றது என்று வாதிட எனக்கு எண்ணமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவரும் அவர் மகனும் உருவாக்கிய 'கிரீக்ஸ்பீல்' ஆட்டம் படை அதிகாரிகளின் பயிற்சிக்கே பயன்பட்டது. 1919இன் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு டாங்கிகளைத் தடைசெய்தபோது, அந்நாட்டுப் படை மோட்டார் வண்டிகளின்மேல் அட்டையும் மரமும் துணியும் போர்த்திப் போலி டாங்கிகளைக் கொண்டு பயின்றது. அதன் விளைவை 1939 முதல் உலகம் கண்டது. நண்பர் இவ்வளவும் அறிந்திருந்தால் தம் வாதத்தை இன்னும் கூர்மையாக வைத்திருக்கலாம்!

ஆனால் அட்டையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? எச்.ஜி. வெல்ஸ் 1903இல் 'தி லேண்ட் அயன்க்ளாட்ஸ்' என்னும் சிறுகதையில் தரைமேல் ஊர்ந்துவரும் இரும்புக் கோட்டைகளைப் படைத்தார். மெய்யான டாங்கி சோம் போர்க்களத்தில் இறங்கியது 1916 செப்டம்பர் 15 அன்று. அதற்காக அறிவியல் புனைகதையைத் தடைசெய்யச் சொல்வோமா? அதே வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' நூலில் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போருக்கு விதிகள் வகுத்தார். ஆடிப் பார்த்தவருக்கு மெய்ப்போரின் மடமை விளங்கும் என்பது அவர் கட்சி. மறு ஆண்டே போர் மூண்டதும் அதை ஆதரித்து எழுதியவரும் அவரேதான். ஆகவே விளையாட்டு மனிதனைப் புத்தனாக்கிவிடும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன்.

நான் பேசுவது கையால் பெறும் அறிவைப் பற்றி. வண்ணம் பூசி முடித்துக் கடையில் விற்கும் டாங்கி தன் வலிமையை மட்டுமே காட்டும். சோவியத் டி-34ஐத் தடித்த தாளில் 1/72 அளவில் செய்து பாருங்கள். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறவேண்டும். வெட்டிய ஓரத்தின் வெண்மையைப் பச்சை பூசி மறைக்கவேண்டும். பீரங்கிக் குழலை ஈர்க்கில் சுற்றி உருட்டவேண்டும். முன்புறச் சரிவு எளிதில் படியும். மெய்யான வண்டியில் அது 45 மில்லிமீட்டர் எஃகு. மேலே சுழலும் பீரங்கிக் கூண்டுக்கு வரும்போதுதான் கை தயங்கும். அதன் அடிவளையத்தின் விட்டம் மெய்யில் 1.42 மீட்டர், தாளில் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குள் இருவர். வண்டித் தலைவனே களத்தையும் கண்காணிக்கவேண்டும், பீரங்கியைக் குறிபார்த்துச் சுடவும் வேண்டும். கூண்டுக்குள் மூன்றாமவருக்கு இடம் கிடைத்தது 1944இல் வந்த டி-34-85இல்தான். இந்த நெருக்கடியை எந்தப் போர் நாவலும் எனக்கு உணர்த்தியதில்லை. என் வாசிப்பின் குறையாகவும் இருக்கலாம்.

பகடை உருள்கிறது, அடிபட்ட வண்டிமேல் கறுத்த பஞ்சைப் புகையென வைக்கிறோம். உள்ளிருந்த நால்வர் என்ன ஆனார்கள் என்று நான் ஆடும் விதிகள் கேட்பதில்லை. நண்பரின் சீற்றம் இங்கே பாய்ந்திருந்தால் தலைவணங்கி ஏற்றிருப்பேன். ஆயினும் அந்தக் கூண்டை ஒட்டிய விரல்களே பஞ்சையும் வைக்கின்றன. நால்வர் என்ற எண்ணிக்கை விரல்களுக்கு மறப்பதில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடும் பகுதியை மாணவர்களோடு சேர்ந்து நகைத்தபடி நடத்துகிறோமே, அங்கே எண்ணிக்கை எவருக்கேனும் நினைவிருக்கிறதா?

அடுத்து டி-34-85 செய்யவிருக்கிறேன். அதற்கான தாளில் நண்பருக்கும் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறேன்.