மாரியோவுக்கு வேட்டி கட்டிவிட்டால்

தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில், லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பையன் படம் வரைகிறான் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் தினமும் விளையாடும் வீடியோ கேம் நாயகனை வீரபத்திரன் கோலத்தில் மாற்றி வரைகிறான். பார்த்தவர்களில் ஒருவர் "அபாரம்" என்பார். இன்னொருவர், "இதுல உன்னுடையது என்ன இருக்கு? ஆளை ஏற்கெனவே எவனோ செஞ்சு வச்சிட்டானே" என்பார்.

இரண்டாமவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பையன் புதிதாக எதையாவது ஆக்கினானா என்பது ஒன்று. அந்தப் பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால்தான் பதில் குழம்புகிறது.

முதல் கேள்விக்குப் பதில் தேட நாம் தூரம் போக வேண்டியதில்லை. மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்தாடும் தோட்டங்களில் கதை எல்லோருக்கும் மனப்பாடம். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். ரதியையோ தூதனையோ எமனையோ எந்தக் கூத்து மாஸ்டரும் புதிதாக உண்டாக்கியதில்லை. ஆனாலும் ஒரு தோட்டத்து எமன் சிரிக்க வைப்பான், பக்கத்துத் தோட்டத்து எமன் பிள்ளைகளை அலற வைப்பான். ரதி வேஷம் கட்டும் ஆணின் முகத்துக்கு எவ்வளவு வர்ணம், கிரீடம் எவ்வளவு உயரம், தப்பு எந்த இடத்தில் சட்டென்று நிற்க வேண்டும், வீரபத்திரன் எந்தப் பக்கத்து இருட்டிலிருந்து பாய வேண்டும் என்பதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுகள். விடிந்தபின் ஊர் பேசுவதும் அவற்றைப் பற்றித்தான். மன்மதன் எரிந்த கதை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

ஆகவே அளவுகோல் இது: வரைந்தவன் தானாக எடுத்த முடிவுகள் எத்தனை, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? வீடியோ கேம் நாயகன் மாரியோவுக்கு வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிவிட்டால் அது வேடிக்கை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதே மாரியோவைப் பால் வெட்டும் தொழிலாளியாக யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவனுக்குத் தொந்தி இருக்குமா? கையில் வெட்டுக் கத்தியும் வாளியும் இருந்தால் எப்படித் தாவுவான்? அவன் பொறுக்குவது தங்கக் காசா, சிரட்டைப் பாலா? ஆமைகளுக்குப் பதில் அட்டைகள் காலில் ஏறுமா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் உடல்வாகு மாறும், நடை மாறும், அவன் உலகமே மாறும். தொப்பியும் மீசையும் மட்டும் பழையவை. இதை ஆக்கம் இல்லை என்று எந்த நியாயத்தில் சொல்வது?

சொல்லப்போனால் மாரியோவே அப்படி வந்தவன்தான். 1981இல் வெளிவந்த 'டாங்கி காங்' விளையாட்டை அதன் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ முதலில் போப்பாய் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்தே செய்ய நினைத்தார். உரிமை கிடைக்கவில்லை. போப்பாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தச்சனும், முரடன் புளூட்டோவின் இடத்தில் ஒரு குரங்கும் வந்தார்கள். அந்தத் தச்சன்தான் பிறகு மாரியோ ஆனான்.

அமெரிக்க இளைஞர் சிலரின் கதை இன்னும் சுவையானது. 'ஜெனரல் கம்ப்யூட்டர்' என்ற பெயரில் இயங்கிய அவர்கள், ஜப்பானின் 'பேக்-மேன்' விளையாட்டைக் கேட்காமல் மாற்றியமைத்து, கால் முளைத்த 'கிரேசி ஒட்டோ'வைச் செய்தார்கள். அதற்கு முன்பே வேறொரு விளையாட்டில் கைவைத்ததற்காக அட்டாரி நிறுவனம் அவர்கள்மீது வழக்குப் போட்டிருந்தது. சூடு பட்டவர்கள், இம்முறை பேக்-மேனின் அமெரிக்க உரிமை வைத்திருந்த மிட்வே நிறுவனத்திடமே போய் நின்றார்கள். 1982இல் அது 'மிஸ் பேக்-மேன்' ஆக வெளிவந்தது. தலையில் ரிப்பன் மட்டுமல்ல, நான்கு விதமான புதிர்ப்பாதைகளும் முன்கூட்டிக் கணிக்க முடியாதபடி அலையும் பேய்களும் அதில் இருந்தன. ஆக்கம் அவர்களுடையது, ஆனால் மூலத்துக்கு உரியவர் இருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

இலங்கைச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மொழிபெயர்ப்பு, தழுவல், மாற்றியமைப்பு ஆகியவற்றையும் பாதுகாக்கப்பட்ட படைப்புகளாக ஏற்கிறது. அதே மூச்சில், மூலப் படைப்பின் உரிமைக்கு இதனால் குறைவு வராது என்கிறது. தழுவலுக்கு அனுமதி தரும் உரிமை, 9ஆம் பிரிவின்படி மூல உரிமையாளரிடம் இருக்கிறது. 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு இடம் விடுகிறது. நோக்கம் வியாபாரமா கல்வியா, எவ்வளவு எடுக்கப்பட்டது, மூலத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்றெல்லாம் அங்கே பார்ப்பார்கள். "காசுக்கு விற்கவில்லை" என்ற ஒரு வார்த்தையால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

கூத்து உவமை நிற்கும் எல்லையும் இங்கேதான். ரதிக்குக் கம்பனி கிடையாது, மாரியோவுக்கு உண்டு. அதற்காக ரதி கேட்பாரற்றவள் என்றும் எண்ண வேண்டாம். நாட்டார் கலை வெளிப்பாடுகளை வியாபாரத்துக்காகவோ அவற்றின் வழக்கமான சூழலுக்கு வெளியிலோ எடுத்தாள்வதைப் பற்றி அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு பேசுகிறது. நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் நம் காமனை விளையாட்டாக்கி விற்றால் இந்தப் பிரிவு நமக்கு நினைவுக்கு வர வேண்டும்.

தெஹியோவிட்டப் பையனிடம் திரும்புவோம். வரைகலை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வீரபத்திரனை அவன் தாராளமாகக் காட்டலாம். மூலப் பாத்திரம் எது, தான் மாற்றியது எது என்று ஓரத்தில் இரண்டு வரி எழுதிவிட்டால், பார்க்கிறவருக்கு அவன் யோசித்த விதம் விளங்கும். அதையே ரீ-சேட்டில் அச்சடித்துத் திருவிழாக் கடையில் தொங்கவிட நினைத்தால், முதலில் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். பதில் வராவிட்டால், அந்த நாயகனைக் கழற்றி வைத்துவிட்டு வீரபத்திரனைத் தன் மனத்திலிருந்தே புதிதாக வரைந்து பார்க்கலாம். மியாமோட்டோவுக்கும் போப்பாய் கிடைக்கவில்லை.